காட்டோர லொட்ஜில் தங்கி யானை பார்ப்பது எப்படி: தம்பிலுவில் வான்காரன் சொல்வது

யானையைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஜீப். நான் கேட்பது கதிரை. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு விறாந்தை, அதில் ஒரு கதிரை, பின்னேரம் மூன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுகிற பொறுமை. இவ்வளவும் இருந்தால், நாள் முழுக்க ஜீப்பில் புழுதி குடித்துத் திரிகிறவரைவிட நீங்கள் கூடப் பார்ப்பீர்கள்.

நான் கிழக்கிலங்கையில், அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலில் இருந்து வான் ஓடுகிறேன். லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று வந்து நிற்கிற நம் சனங்களையும், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் குடும்பங்களையும் லாகுகலை, பாணமை, உகந்தை என்று கூட்டிப் போவது தொழில். அவர்கள் அறையில் படுத்திருக்கும்போது நான் குசினிக்குப் பின்னால் காவல்காரரோடு பிளேன்டீ குடித்துக் கதைத்துக்கொண்டிருப்பேன். கீழே இருப்பதில் பாதி அந்தக் கதைகளில் பிடித்தது. மீதி, சாகாமத்துப் பக்கம் எங்களுக்கு வயல் இருப்பதால் வந்தது. வெட்டு நெருங்கும் காலத்தில் காவல் பரணில் இரவு கழித்தவனுக்கு யானையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் யானைவெடி கொளுத்தி விரட்டுகிற அதே யானைகளைத்தான் நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறீர்கள். கிழக்கில் பல யானைகளின் உடம்பில் துவக்குச் சூட்டுத் தழும்பு இருக்கிறது. மின்னேரியாப் பூங்கா யானை ஜீப்பைப் பார்த்துப் பழகியது. நம் பக்கத்து யானை மனிதரைப் பார்த்துக் கோபப்பட்டுப் பழகியது. கிட்ட வருவதா வேண்டாமா என்பதை அது தீர்மானிக்கட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

எங்கே, எந்த மாதம்

எல்லாமே தண்ணீர்க் கணக்கு. மாரி மழை பெய்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை காட்டுக்குள் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் நிற்கும். யானை எதற்காக உங்கள் லொட்ஜ் குளத்துக்கு வரப்போகிறது? பாதையும் சேறு. வெளிநாட்டுக்காரர் கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து காட்டைக் காட்டு என்றால் நான் கடலைக் காட்டிவிட்டுக் கூட்டி வந்துவிடுவேன். மே பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு சின்னப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்றும். ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் மிச்சமிருக்கிற தண்ணீருக்கு எல்லா உயிரும் வந்தே ஆக வேண்டும். அப்போது போங்கள்.

லாகுகலை சின்னப் பூங்கா, 1,554 ஹெக்டேயர்தான். 1980இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பொத்துவிலில் இருந்து மொனராகலைக்குப் போகிற ஏ4 வீதி அதை ஒட்டியே போகிறது. குளம் முழுக்க பெரு என்று ஒரு புல் வளரும். கோடையில் யானைகள் வயிறளவு தண்ணீரில் இறங்கி நின்று அதைத்தான் தின்னும். தும்பிக்கையால் ஒரு பிடியைச் சுற்றி இழுத்து, வேரோடு வந்த சேற்றைப் போக்க, துணி துவைக்கிறவர்கள் கல்லில் அடிப்பதுபோல முன்காலில் இரண்டு மூன்று தரம் அடித்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். காற்று சரியாக இருந்தால் அந்தச் சத்தம் கரைக்கே கேட்கும். குட்டிகளுக்கு அடிக்கத் தெரியாது. சேற்றோடு தின்னும், இல்லாவிட்டால் தாயின் வாயில் இருந்து பிடுங்கும். இதை அரை மணித்தியாலம் பார்த்தாலே வந்த காசு சரி.

பாணமைக்கு அப்பால் இருக்கிற குமணப் பூங்கா வேறு மாதிரி. 35,664 ஹெக்டேயர், முன்பு யால கிழக்கு என்று பெயர். சண்டைக் காலத்தில் 1985இல் பூட்டியது, 2003இல்தான் திறந்தார்கள். உள்ளே சுமார் 200 ஹெக்டேயரில் குமண வில்லு என்கிற சதுப்புக் குளம் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நாரை, கொக்கு என்று மரத்துக்கு மரம் கூடு. பறவைப் பைத்தியம் உள்ளவர்கள் அந்த மாதங்களைப் பிடிக்க வேண்டும். மே, ஜூனில் பாலை மரங்கள் பழுக்கும்போது கரடி பழத்துக்கு மரமேறும். கரடியைப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

மூன்றாவது, அம்பாறைக்கு அப்பால் இங்கினியாகலை. கல்லோயாப் பூங்கா 1954இல் வந்தது. சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய்ப் பார்ப்பது. யானை ஒரு தீவில் இருந்து இன்னொரு தீவுக்கு நீந்துகிற காட்சி இலங்கையில் அங்கேதான் பேர்போனது. தும்பிக்கை நுனியும் மண்டையும் மட்டும் தெரியும். மார்ச் முதல் ஜூலை வரை நல்லது. ஆனால் லொட்ஜில் இருந்தபடி பார்ப்பது பற்றியே இங்கே எழுதுவதால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

போனில் என்ன கேட்பது

படத்தைப் பார்த்து லொட்ஜ் பிடிக்காதீர்கள். விறாந்தைக்கு முன்னால் யானை நிற்கிற படம் எல்லாரிடமும் இருக்கிறது. அது எந்த வருஷத்து யானையோ.

முதல் கேள்வி: தண்ணீர் எங்கே? குளமா, ஆறா, வெட்டிய மடுவா, விறாந்தையில் இருந்து எவ்வளவு தூரம், இந்த மாதம் அதில் தண்ணீர் இருக்கிறதா. "சேர், எல்லா இடமும் யானை வரும்" என்று பொதுவாகப் பதில் வந்தால் அடுத்த லொட்ஜுக்கு அடியுங்கள். "வடக்குப் பக்கத்து மூன்று அறைக்கும் குளம் தெரியும், மற்றதுக்குத் தெரியாது" என்கிற ஆள் உண்மை பேசுகிறார். அந்த மூன்றில் ஒன்றைக் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: இருட்டிய பிறகு சாப்பாட்டு மண்டபத்துக்கும் அறைக்கும் நடுவே யார் கூட்டிப் போவது? காவல்காரர் டோர்ச் லைட்டோடு வந்து கூட்டிப் போகிற இடம் நல்ல இடம். "பயமில்லை, நடந்து வரலாம்" என்றால் அங்கே மிருகம் வருவதில்லை, அல்லது அவர்களுக்குப் புத்தி இல்லை. இரண்டில் எது என்றாலும் உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, சாப்பாடு போட்டு அழைக்கிறார்களா என்பது. இதை நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். "யானை வருவதற்கு ஏதாவது வைப்பீர்களா?" என்று ஆசையாகக் கேட்பதுபோலக் கேளுங்கள், உண்மை வெளியே வரும். ஒரு இடத்தில் பின்பக்கத்தில் பூசணியும் வத்தகப்பழத் தோலும் குவித்துக் கிடந்ததை நானே பார்த்தேன். பேர் வேண்டாம். மனிதர் கையால் ருசி கண்ட தனியன் அடுத்த கிழமை யார் வீட்டுச் சுவரை உடைக்கும் என்று எங்கள் ஊர் விவசாயியைக் கேட்டால் தெரியும். அப்படியான இடத்துக்கு நான் ஆட்களைக் கூட்டிப் போவதில்லை.

ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும் என்றும் கேளுங்கள். இரவெல்லாம் ஓடுகிற இடத்தில் காட்டின் சத்தம் எதுவும் கேட்காது. ஜீப் காசு, பூங்கா ரிக்கெற் காசு அறை வாடகையில் சேர்ந்ததா, தனியா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். வந்து இறங்கிய பிறகு பேரம் பேசுவது சங்கடம்.

பூங்காவுக்கு உள்ளேயே தங்க வேண்டும் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பதிய வேண்டும். அரிசி, மீன்டின், தேங்காய் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும், அங்கிருக்கிற ஆள் சமைத்துத் தருவார். சொகுசு கிடையாது. ஆனால் ஆறு மணிக்குப் பிறகு எல்லா ஜீப்பும் வெளியேறிய காட்டில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள்.

போகிற வழி

மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. காலையில் வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் லொட்ஜில் நில்லுங்கள். இருட்டிய பிறகு லாகுகலை வீதியிலோ பாணமை, உகந்தைப் பாதையிலோ ஓடாதீர்கள். யானை நடு வீதியில் நிற்கும், கறுப்புத் தோலில் வெளிச்சம் பட்டும் தெரியாது. பகலில் எதிர்ப்பட்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காமல், எஞ்சினை நிறுத்தாமல், தேவைப்பட்டால் மெல்லப் பின்னால் எடுங்கள். எனக்குப் பின்னால் இன்னொரு வாகனம் ஒட்டி நிற்பதுதான் எனக்கு யானையைவிடப் பயம், பின்னால் எடுக்க இடமில்லாமல் போய்விடும்.

பொத்துவிலிலேயே எண்ணெய் நிரப்பி, காசும் எடுத்துக்கொள்ளுங்கள். பாணமைக்கு அப்பால் போன் சிக்னலை நம்ப வேண்டாம். பாம்புக்கடி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும். அது எங்கே என்று போகிற வழியிலேயே பார்த்து வையுங்கள்.

அறையும் பையும்

அறையில் சாப்பாடு வைக்கக் கூடாது. மாம்பழம், வாழைப்பழம் மட்டும் இல்லை, அரிசி, உப்புக்கூட வேண்டாம். நெல் மூட்டைக்காகக் கல்வீட்டுச் சுவரைத் தள்ளுகிற மிருகத்துக்குக் கூடாரத் துணி ஒரு தடையா? எல்லாவற்றையும் குசினியில் கொடுத்துவிடுங்கள். குரங்குக்கு யன்னல் கொக்கியைத் திறக்கத் தெரியும், பூட்டிவிட்டே வெளியே போங்கள்.

உடுப்பு காய்ந்த புல் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளையும் மினுங்குகிற சிவப்பும் வேண்டாம். செண்ட் அடிக்காதீர்கள், பிள்ளைகளின் தலைக்கு மல்லிகைப்பூவும் வேண்டாம். யானைக்குக் கண் பார்வை மட்டம், மூக்குதான் எல்லாம். நுளம்புக்கு எண்ணெய் பூசினால் பூசுங்கள், டெங்குவோடு விளையாட முடியாது. கோடையில் புல்லுக்குள் உண்ணி இருக்கும், நீளக் காற்சட்டையும் சொக்ஸும் போட்டால் பிழைத்தீர்கள். காலையில் சப்பாத்தை உதறிவிட்டே போட வேண்டும். இரவில் அறைக்குள் நடந்தாலும் டோர்ச் லைட் வேண்டும், புடையன் பாம்பு அசையாமல் கிடக்கும்.

தொலைநோக்கி ஒன்றாவது கட்டாயம். கமெரா கொண்டு வருகிறவர்கள் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி விறாந்தைக் கம்பியில் வைத்து அதன்மேல் கமெராவைச் சாய்த்தால் கை ஆடாது. பிறகு அந்த அரிசியும் குசினிக்குத்தான். பிளாஷை அணைத்துவிடுங்கள். ட்ரோனைக் கொண்டு வரவே வேண்டாம். அனுமதி இல்லாமல் பூங்காவில் பறக்கவிட முடியாது, அந்த இரைச்சலுக்கு யானை ஓடும், அல்லது உங்களை ஓட்டும்.

விறாந்தையில் உட்காருவது

இதற்குத்தான் இவ்வளவும். காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நான் திருநீறு ஒரு சிட்டிகை எடுத்து நெஞ்சளவு உயரத்தில் இருந்து விடுவேன். தூள் உங்களைத் தாண்டிப் பின்னால் போனால் நல்லது, உங்கள் வாசம் தண்ணீருக்குப் போகாது. தண்ணீர்ப் பக்கம் போனால் கதிரையை மாற்றுங்கள், அல்லது வேறு விறாந்தையில் இடம் கேளுங்கள். கச்சான் மேற்கில் இருந்து வருவது. ஆகவே கோடையில் குளம் உங்களுக்கு மேற்கே இருக்கிற அறை சிறந்தது. வெயில் முகத்தில் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பாணமை மாதிரிக் கடலுக்குக் கிட்டவுள்ள இடங்களில் பின்னேரம் கடல்காற்று எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அங்கே மறுபடியும் ஒரு சிட்டிகை விட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றரைக்கு உட்கார்ந்தால் முதலில் மயிலும் மந்தியும் வரும். மான் வந்து தண்ணீர் குடிக்காமல் நிமிர்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றால் கையில் இருக்கிற தேத்தண்ணியைக் கீழே வையுங்கள். மந்தி மேலிருந்து குரைக்கிற மாதிரிக் கத்தினால் சிறுத்தையாக இருக்கலாம். யானை வருவது பெரும்பாலும் கேட்காது. அவ்வளவு பெரிய உடம்பு, காய்ந்த சருகில் சத்தமில்லாமல் வரும். கொப்பு முறிகிற சத்தம் கேட்டால் அது தின்றுகொண்டு ஆறுதலாக வருகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் திடீரென்று நின்றால் அதுவும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கிட்ட வந்த பிறகு காதைப் பாருங்கள். காது ஆடிக்கொண்டே இருந்தால் யானைக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை. காது அசையாமல் விரிந்து நின்று, தலை உயர்ந்து, தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் வளைந்தால் எழும்பாதீர்கள், கதைக்காதீர்கள். தலையை உலுப்பி, காலால் மண்ணை உதைத்தால் மெல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக ஈரம் வடிந்திருந்தால் மதம். அந்த அலியனை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, பார்ப்பது கதவுக்குப் பின்னால் இருந்துதான். குட்டியோடு வருகிற கூட்டமும் அப்படியே. கொம்பன் வரவில்லையே என்று குறைப்படாதீர்கள், இலங்கையில் ஆண் யானை நூறில் பத்துக்குக்கூடத் தந்தம் கிடையாது.

பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது பெரிய பிரச்சினை. போனைக் கொடுத்தால் வெளிச்சம். என்னிடம் இருக்கிற வழி, பறவை எண்ணுகிற வேலையைக் கொடுப்பது. கொக்கு எத்தனை, நீர்க்காகம் எத்தனை என்று கொப்பியில் கோடு போடச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஒரு ஆள் அறைக்குள் அவர்களோடு இருப்பது மேல்.

இருட்டிய பிறகு வெளியே இறங்காதீர்கள். ஏதாவது வேண்டும் என்றால் கூப்பிட்டுக் காவல்காரரை வரச் சொல்லுங்கள். வெளியே முறிகிற சத்தம் கேட்டால் எல்லா லைட்டையும் போட்டு யன்னலைத் திறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். லைட்டை அணையுங்கள், யன்னல் ஓரமாக நில்லுங்கள், கண் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள். நிலவுக் காலமாக இருந்தால் முதுகு தெரியும். கிட்ட வந்தால் வயிற்றுக்குள் கடகடவென்று ஓடுகிற சத்தமும் கேட்கும். டோர்ச் லைட்டை முகத்துக்கு அடித்தால் வயலில் அடி வாங்கிய ஞாபகம்தான் அதற்கு வரும்.

ஒரு காலை மட்டும் ஜீப்

ஜீப் வேண்டாம் என்று முழுக்கச் சொல்லவில்லை. குமண வில்லுவை விறாந்தையில் இருந்து பார்க்க முடியாது. ஆறு மணிக்குப் பூங்காவின் உகந்தை வாசலில் நிற்க வேண்டும் என்றால் பொத்துவிலுக்குக் கிட்டவுள்ள அறுகம்பைப் பக்கத்தில் இருந்து ஐந்து மணிக்கு முன்பே வெளிக்கிட வேண்டும். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நம் ஆட்கள் காட்டுக்குள் போவது. கிறிஸ்தவர்களும் என் வானில் இருந்து இறங்கி ஒரு நிமிஷம் நிற்பார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்குக் காட்டுப்பாதை திறக்கிற நாட்களில் அங்கே சனக்கூட்டம். சபாரிக்கு அந்தக் கிழமையைத் தவிருங்கள்.

கவுண்டரில் அடையாள அட்டை கேட்பார்கள். உள்நாட்டு ஆளுக்கும் வெளிநாட்டு ஆளுக்கும் ரிக்கெற் விலை மலைக்கும் மடுவுக்கும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அட்டையை லண்டன் அலுமாரியில் வைத்துவிட்டு வந்து என்னிடம் முறையிடுவதில் பயனில்லை.

வழிகாட்டியாக வருகிறவர் பலநேரம் பாணமை ஆளாக இருப்பார், அவர்களில் பலருக்குத் தமிழ் நன்றாக வரும். ஏறியதுமே சொல்லிவிடுங்கள்: "தம்பி, சிறுத்தைக்காக ஓட வேண்டாம், வில்லுவில் ஒரு மணித்தியாலம் எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்போம்." அவருக்கே சந்தோஷமாக இருக்கும். சிறுத்தை குமணவில் இருக்கிறது, ஆனால் யால பூங்கா அளவுக்குக் கண்ணில் படாது. காட்டித் தருகிறேன் என்று சத்தியம் செய்கிறவரின் ஜீப்பில் ஏற வேண்டாம். இறங்கலாம் என்று அவர் சொல்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். கும்புக்கன் ஆற்றங்கரையில் பெரிய மருத மரங்களுக்குக் கீழே குளிர்ச்சியாக இருக்கும். ஆற்றில் கால் நனைக்க ஆசை வரும், முதலை அங்கேதான் இருக்கிறது.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், எதுவும் வெளியே நிற்காது. திரும்பி வந்து சோற்றைச் சாப்பிட்டுப் படுத்தெழும்பி மூன்றரைக்கு மறுபடியும் கதிரை. இரண்டு இரவாவது போடுங்கள். ஒரு இரவுக்கு வருகிறவர்கள் பயணக் களைப்பிலேயே அந்தப் பின்னேரத்தைத் தூங்கிக் கழித்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் காசு. இரவில் உங்களைக் கூட்டிப் போனவருக்கும் சமைத்தவருக்கும் கொடுக்க நினைப்பதை அவரவர் கையிலேயே கொடுங்கள். மனேஜரிடம் மொத்தமாகக் கொடுத்தால் குசினிக்குப் பின்னால் அது எவ்வளவாகப் போய்ச் சேருகிறது என்பது பிளேன்டீ குடிக்கிற எனக்குத் தெரியும்.